பழைய ஜேர்மன் இரட்டைக்குழல் துவக்கு: அடையாளம் காண்பதும் பெறுமதி பார்ப்பதும்

“இது அப்பு காலத்து ஜேர்மன் துவக்கு” என்பதற்கு மேல் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தங்கள் துவக்கைப் பற்றி எதுவும் தெரியாது. குழலின் மேல் ‘குருப் எஸன்’ என்று வெட்டியிருக்கும். உடனே அதைப் பீரங்கி செய்த குருப் கொம்பனியின் துவக்கு என்று நினைத்து விலை பேசத் தொடங்கிவிடுவார்கள். குருப் அந்தத் துவக்கைச் செய்யவில்லை, குழலுக்கான உருக்கைத்தான் கொடுத்தது. உருக்குக் கொடுத்தவர், துவக்கு செய்தவர், கடையில் வைத்து விற்றவர் என மூன்று பெயர்கள் ஒரே துவக்கில் வரலாம். அந்த மூன்றில் செய்தவரின் பெயர் மட்டும் இல்லாமலும் போகலாம்.

அதனால் குழலின் மேற்பக்கத்தில் பளிச்சென்று தெரியும் எழுத்தைக் கடைசியில் பாருங்கள். குழலைக் கழற்றித் திருப்பினால், அடிப்பக்கத் தட்டையில் கடுகளவு முத்திரைகள் வரிசையாக இருக்கும். எந்த நாட்டில், எந்தக் காலத்தில், எந்த வெடிமருந்துக்கு அந்தக் குழலைச் சோதித்தார்கள் என்பதை அவைதான் சொல்லும். பெறுமதியோ அந்த முத்திரையையும் தாண்டியது. குழல் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் அதைத் தீர்மானிக்கும்.

கையில் எடுக்கும் முன்

இலங்கையில் துவக்கு வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அனுமதிப்பத்திரத்தை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அது ஆளுக்குரியது, வீட்டுக்குரியதல்ல. தகப்பன் பெயரில் லைசென்ஸ் இருந்தது என்பதற்காக அவர் காலமான பிறகு மகன் அதே துவக்கைச் சும்மா வைத்திருக்க முடியாது. லைசென்ஸ்காரர் இறந்திருந்தால், அல்லது பழைய வீட்டைத் துப்புரவாக்கும்போது யாருடையதென்று தெரியாத துவக்கு ஒன்று கிடைத்தால், முதலில் பொலிஸுக்கு அறிவியுங்கள். கிராம அலுவலருக்கும் சொல்லிவையுங்கள். பெறுமதி பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு. மண்ணுக்குள் ஏதாவது தென்பட்டால் தோண்டவே வேண்டாம். எங்கள் மண்ணில் துவக்கோடு வேறு என்ன புதைந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இடத்தை அடையாளப்படுத்திவிட்டு, விலகி நின்று அறிவியுங்கள்.

லைசென்ஸ் உள்ள துவக்கைப் பார்ப்பதென்றால் உரிமையாளர் பக்கத்தில் இருக்க வேண்டும். குழலின் வாயை ஆளில்லாத திசைக்குத் திருப்பி, மேலே உள்ள நெம்பை வலப்பக்கம் தள்ளித் துவக்கை மடியுங்கள். இரண்டு தோட்டா அறையையும் கண்ணால் பாருங்கள், பிறகு விரலை விட்டும் பாருங்கள். முப்பது வருடமாகத் தொடாத துவக்கு என்று யார் சத்தியம் செய்தாலும் இதை விடக்கூடாது. நெம்பு துருவேறி அசையாவிட்டால் சுத்தியலால் தட்டக்கூடாது. உள்ளே தோட்டா இறுகிப்போய் இருக்கக்கூடும். பூட்டுவிசையை (‘சேஃப்டி’யை) நம்பி நிற்காதீர்கள், அது விசையை மட்டும் தடுப்பது. தேய்ந்த துவக்கில் உள்ளே இருக்கும் குதிரை (தோட்டாவை வெடிக்க அடிக்கும் சுத்தியல்) அதிர்விலேயே விழும்.

குழலைக் கழற்றுவது சுலபம். குழலுக்குக் கீழே இடக்கை பிடிக்கும் மரத்துண்டுதான் முன்மரம். அதன் நுனியில் ஓர் அமுக்கு பொத்தானோ நடுவில் ஒரு சிறு நெம்போ இருக்கும். அதை விடுவித்து முன்மரத்தைக் கீழ்நோக்கி இழுங்கள். பிறகு துவக்கை மடித்தால் குழல் கொக்கியிலிருந்து தானாகவே கழன்றுவரும். இப்போது மூன்று துண்டுகள் கையில் இருக்கும்: குழல், முன்மரம், சோங்கோடு (தோளில் வைக்கும் மரப்பகுதியோடு) சேர்ந்த இரும்புப் பெட்டி. மூன்றிலும் ஒரே இலக்கம் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இலக்கம் வேறுபட்டால் இரண்டு துவக்குகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். பெறுமதி அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

முத்திரையை வாசிப்பது

முத்திரைகள் அழுக்கில் மூடியிருக்கும். மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, வெண்கட்டியை லேசாகத் தேய்த்து மேலே விரலால் வழித்தால் பள்ளங்களில் வெள்ளை தங்கி எழுத்து எழும்பி நிற்கும். ரோச் லைட்டை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள், நிழல் விழுந்தால்தான் வடிவம் தெரியும். பார்த்து முடித்ததும் வெண்கட்டித் தூளை முழுதாகத் துடைத்து எண்ணெய் தடவிவிடுங்கள். தூள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

ஜேர்மனியில் எல்லாத் துவக்கும் அரச சோதனைக்கூடத்தில் சோதிக்கப்பட வேண்டும் என்ற சட்டம் 1891இல் இயற்றப்பட்டு 1893இல் நடைமுறைக்கு வந்தது. அந்தக் காலத்து முத்திரை எழுத்துகளின் மேல் ஒரு கிரீடம் இருக்கும். கிரீடமும் ‘பி’யும் அதிக மருந்திட்டு வெடிவைத்துச் சோதித்ததைக் குறிக்கும். ‘யூ’ என்றால் சோதனைக்குப் பின் அதிகாரி கண்ணால் பரிசோதித்தார் என்பது. ‘எஸ்’ வந்தால் உள்ளே வழவழப்பான, சன்னம் சுடும் குழல். ‘டபிள்யூ’ வந்தால் வாய் ஒடுக்கிய குழல், நாங்கள் ‘சோக்’ என்று சொல்வது. ‘ஜி’ வந்தால் உள்ளே திருகு வெட்டிய றைபிள் குழல். கிரீடத்தோடு ‘வி’ இருந்தால், சட்டம் வந்தபோது ஏற்கெனவே செய்து கடையில் இருந்த பழைய சரக்கு. அது மிகப் பழைய துவக்கு என்பதற்கு நல்ல சாட்சி.

புதிதாகப் பழகுபவர் தவறவிடக் கூடாத எழுத்து, கிரீடத்தின் கீழ் வரும் ‘என்’. அது ‘நைட்ரோ’, அதாவது புகையில்லா மருந்துக்குச் சோதித்த முத்திரை. 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வந்தது. சில குழல்களில் ‘நைட்ரோ’ என்ற சொல்லே முழுதாக வெட்டியிருக்கும். இந்த இரண்டில் ஒன்றும் இல்லாத குழலைக் கருமருந்துக் குழல் (புகை கக்கும் பழைய வெடிமருந்துக்கானது) என்றே கொள்ள வேண்டும். கடையில் இன்று கிடைக்கும் தோட்டா அதற்கானதல்ல.

1940ஆம் ஆண்டிலிருந்து கிரீடம் போய்க் கழுகு வந்தது. கழுகின் கீழ் எழுத்து நிற்கும். போருக்குப் பிறகு மேற்கு ஜேர்மனியும் கழுகையே வைத்துக்கொண்டு, பக்கத்தில் சோதனைக்கூடத்தின் சின்னத்தையும் போட்டது. மான்கொம்பு ஊல்ம் நகரம், கரடி பேர்லின், பாயும் குதிரை ஹனோவர்.

ஆண்டைக் கண்டுபிடிப்பது இதிலே இனிமையான வேலை. போருக்கு முந்தைய துவக்குகள் பலவற்றில், முத்திரைகளுக்குப் பக்கத்தில் ‘4.27’ அல்லது இடைவெளி விட்டு ‘10 28’ என்பதுபோல் எண்கள் இருக்கும். 4.27 என்றால் 1927 ஏப்ரல். 10 28 என்றால் 1928 ஒக்டோபர். இதைத் தொடரிலக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். மேற்கு ஜேர்மனித் துவக்குகளில் இரண்டு எழுத்துகள் வரும். ‘ஏ’ என்றால் 0, ‘பி’ 1, ‘சி’ 2, ‘டி’ 3, ‘இ’ 4, ‘எஃப்’ 5, ‘ஜி’ 6, ‘எச்’ 7, ‘ஐ’ 8. ‘ஜே’யை விட்டுவிட்டு ‘கே’ 9. ஆகவே ‘எச்ஜி’ என்றால் 76, அதாவது 1976.

எழுத்தே இல்லாவிட்டாலும் ‘மேட் இன் ஜேர்மனி’ என்ற சொற்றொடர் உதவும். 1887ஆம் ஆண்டின் பிரித்தானிய வணிகக் குறிச் சட்டம்தான் வெளிநாட்டுச் சரக்கில் பிறந்த நாட்டை எழுதும் வழக்கத்தை உண்டாக்கியது. ஆங்கில எழுத்தில் அப்படி வெட்டியிருந்தால் அந்தத் துவக்கு ஆங்கிலம் வழங்கும் சந்தைக்கென்றே செய்யப்பட்டது. இலங்கை பிரித்தானியரின் கீழ் இருந்ததால் 1914 முதல் 1918 வரையும், 1939 முதல் 1945 வரையும் ஜேர்மனியோடு வியாபாரம் கிடையாது. ‘மேட் இன் ஜிடிஆர்’ என்று இருந்தால் கிழக்கு ஜேர்மனி, 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. ‘வெஸ்டர்ன் ஜேர்மனி’ என்று இருந்தாலும் போருக்குப் பிந்தியதுதான். அப்பு 1935இல் வாங்கினார் என்று கதை இருக்கும், துவக்கிலோ ‘ஜிடிஆர்’ இருக்கும். அப்படியானால் அது அப்பு வாங்கிய துவக்கல்ல.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஊரில் ‘ஜேர்மன்’ என்று பெயர் பெற்ற துவக்கு உண்மையில் பெல்ஜியத் துவக்காகவோ இங்கிலாந்துத் துவக்காகவோ இருக்கலாம். நீள்வட்டத்துக்குள் ‘ஈஎல்ஜி’ என்ற எழுத்திருந்தால் அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். கேஜ் இலக்கம் (குழலின் அளவைச் சொல்லும் எண்) சாய்சதுரத்துக்குள் இருந்தால் பெல்ஜியமாகவோ இங்கிலாந்தாகவோ இருக்கும். ஜேர்மன்காரர் அதை வட்டத்துக்குள் போட்டார்கள். கிரீடத்தின் கீழ் ‘பிபி’, ‘பிவி’, ‘என்பி’ என இரட்டை எழுத்துகள் வந்தால் பேர்மிங்ஹாம். கிரீடம் இரண்டு நாட்டிலும் உண்டு, எழுத்தைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்து வழியாக வந்த ஜேர்மன் துவக்கில் இரு நாட்டு முத்திரைகளும் இருக்கும். சிலவற்றில் ‘நொட் இங்கிலிஷ் மேக்’ என்றே வெட்டியிருப்பார்கள்.

பெயரும் உடலமைப்பும்

ஜேர்மன் வேட்டைத் துவக்குகளின் தாய்வீடு தூரிங்கியாவில் உள்ள ஸூல் என்ற சிறு நகரமும், அதற்குப் பக்கத்தில் உள்ள செல்லா மேலிஸும். 1751இல் ஸூலில் தொடங்கிய ‘ஜே. பி. சவுவர் உண்ட் சோன்’, 1898இல் தொடங்கிய மேர்க்கல் சகோதரர்கள், 1856இல் தொடங்கிய சிம்சன் ஆகிய மூன்றும் அறிய வேண்டிய பெயர்கள். சிம்சன் யூதக் குடும்பம். 1930களின் நடுப்பகுதியில் நாசி அரசு அவர்களிடமிருந்து தொழிற்சாலையைப் பறித்தது, பெயரும் மாறியது. கிழக்கு ஜேர்மனிக் காலத்தில் சிம்சன் என்ற பெயர் திரும்ப வந்தது. அதனால் சிம்சன் துவக்கு ஒன்று இரண்டு காலத்தில் எதைச் சேர்ந்தது என்று முத்திரையைக் கொண்டே பிரிக்க வேண்டும். சவுவரும் அப்படித்தான். போருக்குப் பின் ஸூல் சோவியத் பகுதிக்குள் போனது. சவுவர் 1951இல் மேற்கே எக்கேர்ன்ஃபோர்டே நகரில் புதிதாகத் தொடங்கியது. ‘சவுவர், ஸூல்’ என்றிருப்பதும் ‘சவுவர், எக்கேர்ன்ஃபோர்டே’ என்றிருப்பதும் வெவ்வேறு காலம்.

உருக்குப் பெயர்களைத் தனியாக நினைவில் வையுங்கள். ‘ஃப்ளுஸ் ஸ்டால்’ என்பது உருகிய நிலையில் செய்த உருக்கு என்ற பொதுப்பெயர், ஆளின் பெயரல்ல. ஒன்றையொன்று தழுவிய மூன்று வளையம் குருப்பின் சின்னம். ‘போலர்’ ஓஸ்திரிய உருக்கு. ‘விட்டன்’ இன்னொரு ஜேர்மன் உருக்கு. இவை நல்ல உருக்கின் அடையாளம்தான், ஆனால் மலிவான துவக்கிலும் குருப் குழல் உண்டு.

குழலின் மேற்பரப்பில் மரத்தின் வரி போலவோ சுருள் சுருளாகவோ கோலம் ஓடினால் அது டமாஸ்கஸ் குழல். இரும்பையும் உருக்கையும் முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்துச் செய்தது. பார்க்க அழகு. பற்றவைத்த இழைகளுக்கிடையே துரு நுழைந்திருந்தால் வெளியே தெரியாது, வெடிக்கும்போதுதான் தெரியும். சுடுவதற்கென்று பெறுமதி போட வேண்டாம், காட்சிப் பொருளாகவே கணக்கிடுங்கள்.

ஜேர்மன்காரர்களுக்கென்று சில பழக்கங்கள் உண்டு. சோங்கின் இடப்பக்கத்தில் கன்னம் வைக்க ஒரு மேடு, தோளில் தொங்கவிட வார் மாட்டும் இரண்டு வளையங்கள் (ஒன்று குழலுக்குக் கீழே பற்றவைத்திருக்கும்), விசைக்காப்பு இரும்புக்குப் பதில் எருமைக்கொம்பு, இரும்புப் பெட்டியின் மேல் உள்ளே குதிரை நிமிர்ந்திருப்பதைக் காட்டும் இரண்டு சிறு ஊசிகள், ஓக் இலையும் மானும் செதுக்கிய வேலைப்பாடு. இரு குழலுக்கும் நடுவே பின்னால் நீளும் நாக்கில் ஒரு துளை இருந்து, அதனூடாக ஓர் உருண்டை ஆணி குறுக்கே ஓடினால் அது கிரீனர் பூட்டு. கிரீனர் இங்கிலாந்துக்காரர். ஆனாலும் ஜேர்மன் துவக்குகளில் அவருடைய பூட்டு நிறையக் காணப்படும். எனவே அது தனியே எதையும் நிரூபிக்காது.

இரண்டு குழலுக்கும் கீழே மூன்றாவதாக ஒரு சிறு குழல் ஒட்டியிருந்தால் அது ‘ட்ரில்லிங்’, மூன்று குழல் துவக்கு. கீழ்க்குழல் றைபிள். சட்டப்படி அது வேறு வகையாகப் பார்க்கப்படக்கூடும் என்பதால் அனுமதிப்பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒப்பிடுங்கள்.

கேஜும் தோட்டா அறையும்

விபத்துகள் நடக்கும் இடம் இது, ஆறுதலாகப் படியுங்கள். 12 கேஜ் (ஊரில் 12 போர்) என்பது மில்லிமீற்றர் கணக்கல்ல. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் போகுமோ அந்தக் குழல் 12 கேஜ். உருண்டை ஏறத்தாழ 37.8 கிராம், குழலின் உள்விட்டம் 18.5 மில்லிமீற்றர். 16 கேஜ் என்றால் பதினாறு உருண்டைகள், ஒவ்வொன்றும் 28.35 கிராம், சரியாக ஓர் அவுன்ஸ், விட்டம் 16.8. 20 கேஜுக்கு 15.6. எண் கூடக்கூடக் குழல் சிறிதாகும் காரணம் இதுதான்.

ஜேர்மன்காரர் 16 கேஜை மிகவும் விரும்பினார்கள். எங்கள் நாட்டில் வழக்கமாகப் புழங்குவது 12. குழலின் வாயை அளந்து கேஜைச் சொல்லக்கூடாது, சோக் அங்கே ஒடுங்கியிருக்கும். பின்பக்கத்தில் தோட்டா அறையின் வாயை வேர்னியரால் அளவுங்கள். ஏறத்தாழ 20.6 மில்லிமீற்றர் வந்தால் 12, ஏறத்தாழ 18.9 வந்தால் 16, 17.7 அளவில் வந்தால் 20. கேஜ் மாறிய தோட்டாவால் வரும் கேடு பெரிது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் அறைக்குள் வழுக்கி உள்ளே போய்க் குழலில் சிக்கிக்கொள்ளும். வெறும் அறை என்று நினைத்துப் பின்னால் 12 தோட்டாவைப் போட்டு வெடிவைத்தால் முன்கைக்கு நேரே குழல் பிளக்கும்.

அடுத்தது அறையின் நீளம். பழைய ஜேர்மன் துவக்குகளில் பெரும்பாலும் 65 மில்லிமீற்றர், அதைக் குழலில் எழுதாமலே விட்டிருப்பார்கள். இன்றைய வழமை 70. இதில் ஒரு மயக்கம் இருக்கிறது. தோட்டாவின் 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த உறையின் நீளம். சுடாத தோட்டா மடிப்பு மடித்து 58, 60 மில்லிமீற்றர்தான் இருக்கும். அதனால் 65 அறைக்குள் அது மறுப்பேதும் இல்லாமல் இறங்கும், துவக்கும் பூட்டும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் ஒடுங்கும் பகுதிக்குள் நீட்டிக்கொண்டு வழியைச் சுருக்கும், உள்ளழுத்தம் ஏறும். “தோட்டா சரியாகத்தான் போனது” என்ற வாக்கை இதனால்தான் நம்பக்கூடாது. அளக்க ஓர் உருக்கு அடிமட்டத்தை அறையின் சுவரோடு வைத்து, முன்னாலிருந்து ரோச் அடித்தால் அறை முடியும் இடத்தில் ஒரு வளைய நிழல் தெரியும். பின்விளிம்பிலிருந்து அதுவரை அளவுங்கள்.

தட்டையில் ‘13/1’ என்று இருந்தால் பதின்மூன்று கேஜ் என்று பயப்பட வேண்டாம். அது சோதனை நாளில் குழலின் உள்விட்டம், பழைய ஆங்கில அட்டவணைப்படி 18.26 மில்லிமீற்றர். ‘13’ என்றால் 18.03, ‘12’ என்றால் 18.52, ‘12/1’ என்றால் 18.80. நான்கும் 12 கேஜ் துவக்குகளிலேயே வரும். இந்த எண் ஒரு பொக்கிஷம், ஏனென்றால் குழல் எவ்வளவு தேய்க்கப்பட்டிருக்கிறது என்று இதைக்கொண்டு கணக்கிடலாம். உதாரணமாக 13/1 முத்திரையிட்ட குழலை, பின்விளிம்பிலிருந்து ஏறத்தாழ 23 சென்ரிமீற்றர் உள்ளே இன்று அளந்தால் 18.80 வருகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 0.54. ஒவ்வொரு பக்கச் சுவரும் 0.27 மில்லிமீற்றர் மெலிந்துவிட்டது. துருவை எடுக்க யாரோ உட்புறத்தைக் கடைந்திருக்கிறார்கள். சுவரின் மிக மெல்லிய இடம் அரை மில்லிமீற்றருக்குக் கீழே போனால் துவக்குத் தொழிலில் அதைச் சுடும் துவக்காக எடுப்பதில்லை. கையிலுள்ள வேர்னியர் அவ்வளவு ஆழம் எட்டாது. கடைசல் பட்டறைகளில் உள்விட்டமானி இருக்கும். துவக்கை அங்கே கொண்டுபோவதற்கு முன் அனுமதி விடயத்தைப் பொலிஸில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிலையைப் பார்ப்பது

குழலை மட்டும் எடுத்து, அடிக்கொக்கியில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு மரக்கரண்டிக் காம்பால் மெல்லத் தட்டுங்கள். கோயில் மணிபோல் நீளமாக ஒலித்தால் இரு குழலையும் பிணைக்கும் தகடு ஈயப்பற்றில் உறுதியாக இருக்கிறது. ஓட்டுச்சட்டிச் சத்தம் வந்தால் எங்கோ பற்று விட்டிருக்கிறது. பற்று விட்ட இடத்தில் மழைக்கால ஈரம் புகுந்து தகட்டுக்கு அடியில் குழலை வெளியே தெரியாமல் அரிக்கும். கடற்காற்று வீசும் ஊர்களில் இருந்த துவக்குகளில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மண்ணில் புதைத்து எடுத்த துவக்கு என்றால் சந்தேகமே வேண்டாம், அரித்திருக்கும்.

பிறகு குழலை வெளிச்சமான யன்னலை நோக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். யன்னல் சட்டத்தின் நிழல் குழலுக்குள் நேர்க்கோடாக ஓட வேண்டும். கோடு ஓரிடத்தில் உடைந்தால் அங்கே நெளிவு. வளையம் போல் இருண்ட பட்டை தெரிந்தால் உப்பல், குழலில் ஏதோ அடைத்திருக்கும்போது சுட்டிருக்கிறார்கள். நெளிவைத் தேர்ந்தவர் எடுக்கலாம். உப்பிய குழல் போனது போனதுதான். குழல் வாயைப் பாருங்கள், இரு குழலும் நுனியில் ஒன்றையொன்று தொடுவதுபோல் நெருங்கியிருக்க வேண்டும். நடுவே இடைவெளி இருந்து அதை ஈயத்தாலோ மரத்தாலோ அடைத்திருந்தால் யாரோ நீளத்தை வெட்டிவிட்டார்கள். சோக்கும் அதோடு போய்விட்டது.

பூட்டின் தேய்வை அறிய முன்மரத்தைக் கழற்றிவிட்டுத் துவக்கைப் பூட்டி, குழலைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். கடகடவென்று ஆடினால் கொக்கி தேய்ந்துவிட்டது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் குழலுக்கும் பெட்டிக்கும் இடையே ஒளிக்கோடு தெரியவே கூடாது. மேல்நெம்பு பூட்டியபின் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் நிற்பது தேயாத துவக்கு. இடப்பக்கம் தாண்டி நின்றால் நிறைய வெடி கண்டது.

சோங்கில் வெடிப்பு வரும் இடம் கை பிடிக்கும் கழுத்தும், இரும்பு மரத்துக்குள் நுழையும் தலைப்பகுதியும். தலைப்பகுதி கறுத்துப் பிசுபிசுத்தால், வருடக்கணக்காக வாய் மேலே பார்க்க நிறுத்திவைத்து ஊற்றிய எண்ணெயெல்லாம் கீழே வடிந்து மரத்தை ஊறவைத்துவிட்டது. தேங்காயெண்ணெய் பூசும் வழக்கமும் கெடுதி, நாளடைவில் அது பிசினாகி விசைப்பொறியை ஒட்டவைக்கும். மூல மரம் வால்நட். தேக்கில் புதிதாகச் செய்த சோங்கு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சேகரிப்பாளரின் கணக்கில் பெறுமதியைக் குறைக்கும்.

விற்க முன் செய்யக் கூடாதது

பளபளக்க வைத்தால் கூடிய விலை கிடைக்கும் என்று நினைத்து அரத்தாளால் தேய்ப்பதுதான் மிகவும் வருத்தமான தவறு. முத்திரை தேய்ந்தால் துவக்கின் பிறப்புச் சான்றிதழ் போய்விட்டது, திரும்ப வெட்ட முடியாது. அடுத்தது சூடான உப்புக் கரைசலில் முக்கிக் கறுப்பேற்றுவது. ஒற்றைக்குழலுக்கு அது சரி. இரட்டைக்குழலின் தகட்டை ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றே பிடித்திருக்கிறது. அந்தக் காரக் கரைசல் பற்றைத் தின்றுவிடும். கறுப்பு அழகாக ஏறியிருக்கும், சில மாதத்தில் தகடு கழன்று வரும். இரட்டைக்குழலுக்கு உரியது மெதுவாகத் துருவேற்றிக் கறுப்பாக்கும் பழைய முறை. அதைத் தெரிந்தவர் இல்லாவிட்டால் மெல்லிய எண்ணெய் போதும்.

பெறுமதி

முதலில் சுடத்தக்கதா என்ற கேள்வி. நைட்ரோ முத்திரை, போதிய சுவர்க்கனம், ஆடாத பூட்டு, கிடைக்கும் தோட்டா ஆகிய நான்கும் பொருந்தினால்தான் ஆம். 16 கேஜ் துவக்கு மற்ற எல்லாவற்றிலும் சிறந்திருந்தாலும் தோட்டா தேட வேண்டியிருப்பதால் இங்கே 12ஐவிடத் தாழ்வாகவே போகும்.

பிறகு தரம். பெட்டிக்குள் பொறி அடங்கிய ‘பொக்ஸ் லொக்’ வகை பெருவாரி. 1875இல் இங்கிலாந்தின் அன்சனும் டீலியும் வகுத்த அமைப்பு அது. பொறி பக்கத்தகட்டில் ஏறிய ‘சைட் லொக்’ கையால் செய்யும் வேலை கூடியது, விலையும் கூடியது. ஆனால் ஜேர்மன்காரர் பொக்ஸ் லொக்கின் மேல் வெறும் அலங்காரத் தகடு வைத்தும் செய்தார்கள். உண்மையான சைட் லொக் தகட்டில் உள்ளிருக்கும் பொறியின் ஆணித்தலைகள் பல தெரியும், அலங்காரத் தகடு வெறுமையாக இருக்கும். தோட்டாவைப் பிடித்து வெளித்தள்ளும் துண்டு குழல்களின் பின்னால் இரண்டாகப் பிளந்திருந்தால் சுட்ட உறையைத் தானே எறியும் வகை, ஒரே துண்டாக இருந்தால் சும்மா உயர்த்தித் தரும் வகை. முன்னதற்குப் பெறுமதி அதிகம்.

விலையை இணையத்தில் பார்த்து, டொலரை ரூபாயாக்கிப் பெருக்கி வைப்பது எங்கள் நாட்டில் பொருந்தாது. வாங்குபவருக்கு அனுமதி இருந்தால்தான் விற்கலாம், அந்த ஆட்கள் கொஞ்சப்பேர். அவர்களில் பலர் வன்னியில் வயலைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க நினைக்கும் கமக்காரர்கள். செதுக்கிய மானுக்கும் ஓக் இலைக்கும் அவர்கள் காசு தரமாட்டார்கள், தோட்டாவும் நம்பிக்கையும்தான் வேண்டும். எனவே எளிமையான, இறுக்கமான 12 கேஜ் சிம்சன் ஒன்று, ஆடும் பூட்டோடு வரும் அழகான 16 கேஜ் சவுவரைவிட இங்கே சுலபமாகக் கைமாறும். அந்தச் சவுவருக்குப் பெறுமதி இல்லை என்றல்ல, அதை மதிக்கும் சந்தை இங்கே சிறியது.

தூரத்தில் இருக்கும் தெரிந்தவரிடம் கேட்பதென்றால், குழல் தட்டை, பெட்டியின் மேற்தட்டை, மேற்தகட்டு எழுத்து, இரு பக்கம், குழல் வாய், சோங்குக் கழுத்து எனத் தனித்தனியே படமெடுங்கள். முத்திரைப் படத்தில் அடிமட்டம் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். அறையின் வாய்விட்டம், அறை நீளம், பின்விளிம்பிலிருந்து வாய்வரை குழலின் நீளம் ஆகிய மூன்று அளவையும் எழுதியனுப்புங்கள். தொடரிலக்கத்தின் கடைசி இரண்டு எண்களைப் படத்தில் மறைத்துவிடுவது நல்லது. அனுமதிப்பத்திரத்திலும் அந்த இலக்கமே இருக்கும்.